தூண்டிலுக்கு மீன் மட்டுமா பொறுப்பு?

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அண்மையில் நம்மைத் தேடிப் பதுளைக்கு வந்தார். கையிலே ஒரு கடிதம், அதுவும் ஆங்கிலத்தில். அவருடைய கணக்கிலிருந்து சென்ற பணத்துக்குத் தாம் பொறுப்பல்ல என்றும், இரகசிய எண்ணைப் பிறருக்குக் கொடுத்தவர் அவரே என்றும் ஒரு வங்கி எழுதியிருந்தது.

நடந்தது இதுதான். "உமது கணக்கு இன்றிரவு முடக்கப்படும், தடுக்க வேண்டுமாயின் இங்கே அழுத்துக" என்று மின்னஞ்சல் ஒன்று வந்தது. வங்கியின் இலச்சினை அதிலிருந்தது. அழுத்தினார். வங்கியின் பக்கத்தைப் போன்ற பக்கம் விரிந்தது. பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டார். கைத்தொலைபேசிக்கு வந்த ஆறிலக்க எண்ணையும் இட்டார். பணம் போயிற்று.

பிஷிங் எனப்படும் இந்தத் தூண்டில் மடலின் சூழ்ச்சியை நம் மக்கள் நன்கு உணர வேண்டும். அந்த ஆறிலக்க எண் மெய்யாகவே வங்கியிலிருந்து வந்ததாகும். ஆசிரியர் போலிப் பக்கத்தில் இட்ட பெயரையும் கடவுச்சொல்லையும் கள்வன் அதே கணத்தில் உண்மையான வங்கிப் பக்கத்தில் இட்டான். வங்கியோ வாடிக்கையாளரே வந்துவிட்டார் என்றெண்ணி எண்ணை அனுப்பியது. அவ்வெண் எதற்காக அனுப்பப்படுகிறது என்பது பெரும்பாலும் அச்செய்தியிலேயே எழுதப்பட்டிருக்கும். எந்த மொழியில் எழுதப்பட்டிருக்கும் என்பதைப் பின்னர் பேசுவோம்.

"படித்த மனிதர் இப்படி ஏமாறலாமா?" என்று நகைப்போர் உளர். அவர்களுக்கு ஒன்று கூறுவோம். 2015ஆம் ஆண்டில் வேலை தேடும் இளைஞன் எழுதுவதுபோல் வங்காளதேச மத்திய வங்கியின் ஊழியர்களுக்கு மின்னஞ்சல்கள் வந்தன. திறந்தவர்கள் வங்கி அதிகாரிகள். லயத்துப் பாமரர் அல்லர். அவ்வழியே உள்ளே நுழைந்தவர்கள் 2016 பெப்ரவரியில் 95 கோடி டொலருக்கு மேல் கவர முயன்றார்கள். 8 கோடி 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்சுக்குப் போய்ச் சேர்ந்தது. 2 கோடி டொலர் நம் இலங்கையில் ஓர் அமைப்பின் கணக்குக்கே அனுப்பப்பட்டது. அமைப்பின் பெயரில் ஒரு சொல்லைப் பிழையாக எழுதியதால் ஐயம் எழுந்து, அத்தொகை தடுத்து மீட்கப்பட்டது. ஒரு நாட்டின் கருவூலத்தையே எழுத்துப்பிழைதான் காத்ததென்றால், ஓய்வூதியம் பெறும் ஆசிரியரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எவ்வகை நியாயம்?

நம் முன்னோரும் இத்தகைய காகிதத்தை அறிவர். தொழிலாளியின் கடன் இவ்வளவு என்று எழுதிய "துண்டு" ஒன்று தோட்டத்துக்குத் தோட்டம் மாறிற்று. அதை வாசிக்கத் தெரியாதவனே அதற்குக் கட்டுப்பட்டான். 1921இல் சட்டம் அதை ஒழித்தது. தொழிலாளியைப் பார்த்து "நீ எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும்" என்று சொல்லிச் சட்டம் அன்று கைகழுவவில்லை.

ஆயினும், சட்டம் வரும்வரை பணப்பையைத் திறந்து வைத்திருக்க முடியாது. மின்னஞ்சலில் உள்ள இணைப்பை அழுத்தி வங்கிக்குள் செல்லாதீர்கள். முகவரியை நீங்களே இட்டுச் செல்லுங்கள். இணைய முகவரியில் முதற் சாய்கோட்டுக்கு முன்னுள்ள பகுதியை வலமிருந்து இடமாக வாசித்துப் பழகுங்கள். "பதுளை ஸ்டோர்ஸ், கொழும்பு" என்றெழுதிய கடிதம் பதுளைக்கு வராது அன்றோ? அதுபோலவே வங்கியின் பெயர் முன்னே நின்று, கடைசியில் வேறொரு பெயர் நிற்குமாயின் அது வங்கியன்று. பூட்டுச் சின்னம் இருக்கிறதே என்று மயங்க வேண்டா; வழியில் எவரும் ஒட்டுக்கேட்கவில்லை என்பதற்கே அது சான்று. மறுமுனையில் இருப்பவன் யோக்கியன் என்பதற்குச் சான்றன்று. தபால் திணைக்களத்தின் பெயரில் பொதிக்குக் கட்டணம் கேட்டு வரும் போலிக் குறுஞ்செய்திகளும் இந்த இனமே.

எண்ணைக் கொடுத்துவிட்டீர்களா? வெட்கப்பட்டு வீட்டில் இராதீர்கள். அட்டையின் பின்புறமுள்ள இலக்கத்துக்கு அந்த நிமிடமே பேசிக் கணக்கை முடக்குங்கள். காசோலையை நிறுத்த ஒரு பொழுதாவது கிடைக்கும். இன்றைய பணமாற்றமோ நொடியில் முடிந்துவிடும். பின்பு பொலிஸ் முறைப்பாடு, இலங்கை சேர்ட் அமைப்பின் 101, மத்திய வங்கியின் 1935. முறைப்பாடு செய்த நேரத்தைக் குறித்து வையுங்கள். வழக்கில் அது பயன்படும்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். வஞ்சித்தலைத் தண்டிக்க 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை உண்டு. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டமும் உண்டு. இவை கள்வன் அகப்பட்டால் அவனைத் தண்டிக்கும். அகப்படாதபோது இழப்பு யாருடையது? இதுவே கேள்வி. இந்திய ரிசேர்வ் வங்கி 2017இல் விடை கூறியது: வாடிக்கையாளரின் கவனக்குறைவே காரணமாயினும், அவர் அறிவித்த பின்னர் நேரும் இழப்பு வங்கியுடையது, அவரே பொறுப்பாளி என்று மெய்ப்பிக்கும் பாரமும் வங்கியுடையது. சிங்கப்பூரில் 2021 இறுதியில் ஒரே வங்கியின் வாடிக்கையாளர் சுமார் 790 பேர் இத்தகைய குறுஞ்செய்திகளால் 1 கோடி 37 இலட்சம் சிங்கப்பூர் டொலரை இழந்தபோது, மக்கள் எழுப்பிய குரலால் வங்கி முழுத் தொகையையும் கொடுத்தது. 2024 டிசெம்பர் முதல் கடமை தவறும் வங்கியும் தொலைத்தொடர்பு நிறுவனமும் இழப்பை ஏற்க வேண்டும் என்பது அங்கு விதி. பிரித்தானியாவில் 2024 ஒக்டோபர் முதல், ஏமாந்து தாமே பணம் அனுப்பியவர்க்கும் 85,000 பவுண் வரை திருப்பித் தரப்படுகிறது. பாரதூரமான அசட்டை போன்ற சில விலக்குகளே உள. அங்குள்ள வங்கிகள் இதனால் மூழ்கிவிடவில்லை.

இத்தகைய பொறுப்புப் பகிர்வை இலங்கை மத்திய வங்கியும் கட்டாய விதியாக்க வேண்டும் என்பது நம் கோரிக்கை. மற்றொன்று மொழி. தமிழும் அரசகரும மொழியாகும் என 1987இல் அரசியலமைப்பு கூறிற்று. அப்படியிருக்க, "இவ்வெண்ணை எவருக்கும் கொடாதீர்" என்னும் எச்சரிக்கை மடுல்சீமைத் தொழிலாளிக்கும், வெளிநாட்டில் உழைக்கும் மகளின் பணத்தை எதிர்பார்த்து நமுனுகுலையில் இருக்கும் தாய்க்கும் ஆங்கிலத்தில் வருவதேன்? வாசிக்க முடியாத எச்சரிக்கையைக் கொடுத்துவிட்டு, "நாம் எச்சரித்தோமே" என்று வாதாடும் உரிமை எந்த வங்கிக்கும் இல்லை. கணக்குத் திறக்கும் நாளிலேயே மொழியைக் கேட்டு, அம்மொழியிலேயே செய்தி அனுப்புவதற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை.

ஆசிரியரின் முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதி மத்திய வங்கிக்கு அனுப்பியிருக்கிறோம். பதிலையும் தமிழிலேயே கேட்டிருக்கிறோம்.