வயதோடு வரட்டும் நாயகர்கள்

தமிழ்ச் சினிமா தன் பழைய நாயகர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டிருக்கிறது. 1986இல் வந்த ‘விக்ரம்’ படத்தின் உளவாளி 2022இல் மீண்டும் வந்தார். 1996இன் ‘இந்தியன்’ சேனாபதி 2024இல் வந்தார். இரண்டாம் பாகத்தின் முடிவிலேயே மூன்றாம் பாகத்தின் முன்னோட்டத்தையும் காட்டிவிட்டார்கள். ரஜினிகாந்தின் ‘ஜெயிலர்’ படத்துக்கும் இரண்டாம் பாகம் அறிவிக்கப்பட்டது. இப்படிப்பட்ட படங்கள் வேண்டாம் என்று சொல்ல நாம் முன்வரவில்லை. வரும் நாயகன் தன் வயதையும் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்பதே எமது நிலைப்பாடு.

பொழுதுபோக்குப் படத்துக்குத் தலையங்கமா என்று கேட்பவர்களுக்கு வடமராட்சியிலுள்ள எமது கரவெட்டி மண்ணே பதில் சொல்லும். சினிமாவை ஒதுக்கித் தள்ளாமல், சமூகத்தையும் அரசியலையும் அதன் வழியே படிக்கலாம் என்று காட்டிய பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி இந்த ஊரில் பிறந்தவர். தமிழர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருந்து கலை பார்த்த முதல் இடம் சினிமாக் கொட்டகை என்று அவர் எடுத்துக்காட்டினார். அந்தக் கூரையின் கீழ் எது மதிப்புப் பெறுகிறதோ அது வெளியிலும் மதிப்புப் பெறும். முதுமையும் அப்படித்தான்.

முதலாவது ‘விக்ரம்’ வந்தபோது இங்கே இளைஞர்களாக இருந்தவர்கள் அடுத்த ஆண்டே, 1987 இராணுவ நடவடிக்கையின்போது, குழந்தைகளையும் பெற்றோரையும் கூட்டிக்கொண்டு வடமராட்சியை விட்டு ஓடினார்கள். மின்சாரம் இல்லாத காலத்தில் டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து முற்றத்தில் படம் பார்த்த தலைமுறை அது. இன்று அவர்களில் பலருடைய பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். பெரிய வீட்டில் இரண்டு பேர் மட்டும். கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு விடியவே மந்திகை ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். பின்னேரம் பேரப்பிள்ளையின் முகத்தைப் போனில் பார்க்கிறார்கள். திரையில் ஒரு முதியவர் மதிப்புப் பெறுவதற்கு இருபது பேரை அடித்து வீழ்த்தித்தான் ஆகவேண்டும் என்றால், கிளினிக் வரிசையில் நிற்பவருக்கு அந்தப் படம் என்ன சொல்கிறது?

ஒரே நடிகரின் இரண்டு படங்கள் இந்த வேறுபாட்டை விளக்கப் போதும். 1996இல் சேனாபதியாக நடித்தபோது கமல்ஹாசனுக்கு 41 வயது. ஒப்பனையால் முதுமையை ஏற்றார். நடையாலும் குரலாலும் அதை நம்பவைத்தார். தேசிய விருதும் கிடைத்தது. அந்தக் கிழவரின் கோபத்துக்கு வேர் இருந்தது. இலஞ்சம் கொடுக்க மறுத்ததால் சிகிச்சை கிடைக்காமல் தீக்காயத்தோடு இறந்த மகளின் தகப்பன் அவர். 2024இல் நடிகருக்கே 69 வயது. கதைக்கணக்கில் சேனாபதி நூறைத் தாண்டியவர். ஆனால் அவர் ஒற்றைச் சக்கர வண்டியில் பறக்கிறார், முறுக்கேறிய உடம்பைக் காட்டிச் சண்டை பிடிக்கிறார். மகளையும் மகனையும் இழந்து நூறு வயது கண்ட ஒருவருக்குச் சொல்ல எவ்வளவோ இருக்கும். படம் அதைக் கேட்கவில்லை. பார்வையாளரும் அந்தப் படத்தைக் கைவிட்டார்கள்.

2022இன் ‘விக்ரம்’ வேறு வழியில் போனது. இயக்குநர் லோகேஷ் கனகராஜ் தன் நாயகனை மகனைப் பறிகொடுத்த தகப்பனாக, பேரக்குழந்தையைக் காக்கும் தாத்தாவாக வைத்தார். இதய நோயுள்ள அந்தக் குழந்தைக்குப் பெரிய சத்தம் ஆகாது. துப்பாக்கிகள் முழங்கும் படத்தில், சத்தம் குழந்தையின் காதில் விழக்கூடாதே என்று ஒரு தாத்தா தவிக்கிறார். அவருடைய வயது அங்கே கதையின் உயிராகிறது. அந்தப் படத்திலும் சண்டைக்குக் குறைவில்லை, வசூலுக்கும் குறைவில்லை.

ஹொலிவூட்டின் இந்தியானா ஜோன்ஸையும் நாம் அறிவோம். 1984இல் வெளியான இரண்டாம் படத்தின் கயிற்றுப் பாலக் காட்சி எமது நாட்டில், கண்டிப் பக்கத்தில் எடுக்கப்பட்டது. 2023இல் வந்த ஐந்தாம் படத்தில் அவராக நடித்த ஹரிசன் ஃபோர்டுக்கு 80 வயது. தொடக்கக் காட்சிகளில் கணினியால் அவர் முகத்தை இளமையாக்கினார்கள். அதில் உயிர் இல்லை. பிறகு வரும் காட்சியில், சிறிய வீடொன்றில் கதிரையிலேயே தூங்கிப்போன கிழவர் தளர்ந்த உடம்போடு எழும்புகிறார். மகனைப் போரில் பறிகொடுத்தவர், மனைவியைப் பிரிந்தவர். அந்த மனிதரைத்தான் நாம் நம்புகிறோம். படம் வசூலில் தோற்றது உண்மை. நேர்மை வெற்றிக்கு உத்தரவாதம் என்று நாம் சொல்லவில்லை. அந்தப் படத்தில் மனதில் தங்குவது எது என்றுதான் கேட்கிறோம்.

ரசிகர்கள் கேட்பது பழைய வேகத்தைத்தானே என்று தயாரிப்பாளர்கள் சொல்வார்கள். ரசிகர் கேட்பது பழைய மனிதரைச் சந்திப்பதை. நாற்பது வருடம் கழித்துச் சந்திக்கும் நண்பரிடம் என்ன பாடுபட்டாய் என்றுதான் கேட்போம். ஓடிக்காட்டச் சொல்ல மாட்டோம்.

வயதை அழிக்கும் ஆசை எங்கே போய் நிற்கும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2023 டிசெம்பரில் மறைந்த நடிகர் விஜயகாந்தின் உருவம், அடுத்த செப்டெம்பரில் வந்த ‘தி கிரேட்டஸ்ட் ஒஃப் ஓல் டைம்’ படத்தில் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டது. குடும்பத்தின் சம்மதம் இருந்தது. ஆனாலும் உயிரோடு இருக்கும் நடிகர் ஒரு காட்சியை மறுக்கலாம், மாற்றச் சொல்லலாம். கணினியில் பிறந்த முகத்துக்கு அந்த உரிமை இல்லை. நடிகர் தம் வாழ்நாளில் எழுதிக்கொடுத்த சம்மதம் இல்லாமல் இதைச் செய்யக்கூடாது என்பதைத் திரைத்துறைச் சங்கங்கள் விதியாக்க வேண்டும்.

தமிழ்நாட்டு இயக்குநர்களிடம் நாம் கேட்பது ஒன்றுதான். பழைய நாயகனை அழைப்பதற்கு முன், இடையில் போன ஆண்டுகளில் அவர் எதை இழந்தார், யாரை வளர்த்தார், எதற்கு வருந்துகிறார் என்று எழுதிப் பாருங்கள். எழுத ஒன்றும் இல்லையென்றால் அந்தப் படத்தை எடுக்காதீர்கள். எமது இளம் படைப்பாளிகளுக்கும் ஒரு சொல்: கணினி வித்தைக்குக் கோடிகள் வேண்டும். முதியவர் ஒருவரின் கதையை நேர்மையாகச் சொல்ல அவ்வளவு காசு தேவையில்லை. அந்தக் கதைகள் கரவெட்டியில் வீட்டுக்கு வீடு இருக்கின்றன. சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கமராவை எடுத்துக்கொண்டு போங்கள்.