பத்து ஆட்டத்தில் பட்டம் சூட்டாதீர்!

சதுரங்கத்தில் மனிதனை இயந்திரம் வென்றுவிட்டது என்பது இன்று பழங்கதை. 1997-ஆம் ஆண்டு மே மாதம் நியூயார்க் நகரில் ஐ.பி.எம். நிறுவனத்தின் 'டீப் புளூ' காஸ்பரோவை 3½ – 2½ என்ற கணக்கில் வென்றபோது நம்மில் பலர் பிறக்கவே இல்லை. இன்றோ கைப்பேசியில் இயங்கும் நிரலே உலக வாகையர் எவரையும் திணறடிக்கும். அப்படியானால் இனி ஆடுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது! நிரலோடு நிரல் மோதும் போட்டி இருக்கிறது. அதுவும் மாபெரும் ஆய்வுக்கூடங்களில் அன்று. சாமானியர் வீட்டு மேசைமேல் இருக்கும் சாதாரணக் கணிப்பொறியில்.

"இரண்டு இயந்திரம் தமக்குள் ஆடிக்கொண்டால் உனக்கு என்னடா லாபம்? கரண்ட் பில்தான் ஏறும்" என்று நண்பர்கள் என்னைக் கேலி செய்வதுண்டு. கேலி செய்யட்டும். புள்ளியியல் பயிலும் மாணவனாகிய நான் வகுப்பறையில் கற்றதைக் கண்ணால் கண்டது இந்தப் போட்டிகளில்தான். "இது அதைவிடச் சிறந்தது" என்று ஒருவன் சொன்னால், "எத்தனை ஆட்டம் ஆடினாய்?" என்று திருப்பிக் கேட்கும் துணிவை எனக்குத் தந்தவையும் இவையே.

போட்டி நடத்துவது கடினமன்று. 2000-ஆம் ஆண்டில் ஸ்டெஃபான் மேயர்-காலன், ருடால்ஃப் ஹூபர் ஆகிய இருவரும் 'யூ.சி.ஐ.' என்ற பொதுமொழி ஒன்றை வகுத்துத் தந்தார்கள். அந்த மொழி அறிந்த எந்த நிரலையும் எந்த நிரலோடும் மோதவிடலாம். நடுவர் வேலையை இன்னொரு நிரல் பார்த்துக்கொள்ளும். கடிகாரத்தை ஓட்டுவதும், விதி மீறலைத் தடுப்பதும், முடிவை எழுதி வைப்பதும் அதன் பொறுப்பு. நாம் பாயை விரித்துப் படுத்துவிடலாம்.

கடினமானது நடுநிலை. இரு நிரல்களுக்கும் ஒரே அளவு நேரம், ஒரே அளவு நினைவகம் தரவேண்டும். எதிராளி யோசிக்கும் நேரத்தில் தானும் யோசிக்கும் வழக்கம் இந்த நிரல்களுக்கு உண்டு. ஒரே பொறியில் இருவரும் ஆடும்போது அதை நிறுத்திவிட வேண்டும். இல்லையேல் ஒருவர் தட்டில் இருக்கும் சோற்றை மற்றவர் அள்ளிய கதைதான்! இன்னொன்றும் உண்டு. எப்போதும் வெறும் பலகையிலிருந்தே தொடங்கினால் நிரல்கள் கிளிப்பிள்ளைபோல் ஏறத்தாழ அதே ஆட்டத்தையே திரும்பத் திரும்ப ஆடும். ஆகவே முன்கூட்டியே சில நகர்த்தல்கள் ஆடிவைத்த தொடக்க நிலைகளைக் கொடுப்பார்கள். ஒவ்வொரு நிலையையும் இருமுறை, வெள்ளை கறுப்பு மாற்றி மாற்றி, ஆடவைப்பார்கள். தொடக்கத்தில் ஒருவருக்குச் சாதகம் இருந்தாலும் அடுத்த ஆட்டத்தில் அது மற்றவருக்குப் போய்ச் சேரும். இதைவிட நேர்மையான ஏற்பாட்டை மனிதர்களின் போட்டியில் நான் கண்டதில்லை.

இவ்வளவும் செய்துவிட்டுப் பத்தே ஆட்டம் ஆடி, "ஏழுக்கு மூன்று! என் நிரலே வாகை!" என்று குதிப்பவர்கள் இருக்கிறார்களே, அவர்களைத்தான் நான் கேட்கிறேன். ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டிப் பாருங்கள். ஏழுக்கு மூன்று, அல்லது அதைவிட அகன்ற பிளவு, ஏறத்தாழ மூன்றில் ஒரு தடவை வரும். நூறு முறை சுண்டினாலும் 55-க்கு 45, அல்லது அதற்கு மேற்பட்ட பிளவு, மூன்றில் ஒரு தடவைக்குச் சற்று அதிகமாகவே வரும். நாணயத்தின் பூவுக்கும் தலைக்கும் இடையே திறமையில் ஏதேனும் வேற்றுமை உண்டா?

ஆர்பட் ஈலோ வகுத்த தரப்புள்ளி முறைப்படி, 5 புள்ளி உயர்ந்த நிரல் நூற்றுக்கு 50.7 விழுக்காடு மதிப்பெண் பெறும். மயிரிழை வேற்றுமை! மூன்றில் ஓர் ஆட்டம் சமனில் முடியும் என்று வைத்துக்கொண்டால், இந்த மயிரிழையை ஓரளவு நம்பிக்கையோடு பிரித்துக் காண 12,000 ஆட்டங்களுக்கு மேல் வேண்டும். ஆளுக்குப் பத்து வினாடியும், நகர்த்தலுக்குப் பத்தில் ஒரு வினாடியும் கொடுத்தால் ஓர் ஆட்டம் அரை நிமிடத்தில் முடிகிறது. அப்படியும் ஒற்றை வரிசையில் ஆடி முடிக்க நான்கு நாளுக்கு மேல் ஆகும். மே மாத வெயிலில் என் அறையில் அந்தப் பொறியின் விசிறி போடும் ஓசை தனிக் கச்சேரி!

முன்னோர்களுக்கு இந்த வசதி ஏது? 1974-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த முதல் உலகக் கணிப்பொறிச் சதுரங்கப் போட்டியில் சோவியத் நாட்டின் 'கைஸா' நான்கு ஆட்டம் ஆடி நான்கிலும் வென்று வாகை சூடியது. நான்கே ஆட்டம்! சிறு கணிப்பொறிகளுக்கென முதல் உலகப் போட்டி 1980-இல் லண்டனில் நடந்தது. சுவீடனின் சதுரங்கக் கணிப்பொறிச் சங்கத்தினரோ வேறு வழியில் போனார்கள். வீட்டிலேயே இரு பொறிகளை அருகருகே வைத்து, ஒன்றின் நகர்த்தலை மற்றொன்றில் கையால் ஆடிக்காட்டி, 40 நகர்த்தலுக்கு இரண்டு மணி நேரம் என்ற நிதானக் கணக்கில் ஆட்டங்களைச் சேர்த்துத் தரப்பட்டியல் வெளியிட்டார்கள். ஊதியமில்லாத உழைப்பு! வாகைப் பட்டங்களைவிட அந்தப் பட்டியலையே நான் மதிக்கிறேன்.

1995-இல் ஹாங்காங் நகரில் டீப் புளூவின் முன்மாதிரி, தனிநபர் கணிப்பொறியில் இயங்கிய 'ஃபிரிட்ஸ்' என்ற நிரலிடம் தோற்றது. எளியவன் யானையைச் சாய்த்தான் என்று இன்றும் அதைக் கொண்டாடுவோர் உண்டு. நான் கொண்டாடுவதில்லை. அது ஒரே ஓர் ஆட்டம். காஸ்பரோவின் தோல்வியைப் பற்றியும் இதையே சொல்வேன். ஆறு ஆட்டத்தில் ஒரு புள்ளி வேற்றுமை எதை மெய்ப்பிக்கும்?

'இது வெறும் விளையாட்டுத்தானே, இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம்' என்பார்க்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 2017 டிசம்பரில் கூகுளைச் சார்ந்த 'டீப்மைண்ட்' நிறுவனம், தன் 'ஆல்ஃபாஜீரோ' நிரல் 'ஸ்டாக்ஃபிஷ்' நிரலோடு 100 ஆட்டம் ஆடி, 28 வென்று, 72 சமன் செய்து, ஒன்றில்கூடத் தோற்கவில்லை என்று அறிவித்தது. உலகமே வாய் பிளந்தது. வீட்டில் போட்டி நடத்திப் பழகியவர்கள் வாய் பிளக்கவில்லை, கேள்வி கேட்டார்கள். நகர்த்தலுக்கு ஒரு நிமிடம் என்று நேரத்தைக் கட்டிப்போட்டது ஏன்? ஸ்டாக்ஃபிஷுக்கு நினைவகம் ஒரு ஜிகாபைட்டு மட்டும் தந்தது ஏன்? மறு ஆண்டில் அந்நிறுவனம், வழக்கமான போட்டி நேரக் கணக்கில் ஆடிய 1,000 ஆட்டங்களின் முடிவை வெளியிட்டது: வெற்றி 155, தோல்வி 6, எஞ்சியவை சமன். ஆல்ஃபாஜீரோ மெய்யாகவே வலிமையானதுதான். ஆனால் அதை நாம் நம்புவதற்கு 28-க்குச் சுழி என்ற முதல் தம்பட்டம் காரணமன்று. இந்த இரண்டாம் கணக்கே காரணம்.

ஸ்டாக்ஃபிஷ் வளர்ந்த கதையும் இதுவே. 2013 முதல் அதன் ஒவ்வொரு திருத்தமும், தொண்டர்கள் உவந்தளிக்கும் கணிப்பொறிகளில் பல்லாயிரம் ஆட்டங்கள் ஆடிப் பார்த்த பிறகே ஏற்கப்படுகிறது. அறிவார்ந்ததாகத் தோன்றும் யோசனைகளில் பெரும்பாலானவை அங்கே மண்ணைக் கவ்வுகின்றன. யோசனை சொன்னவர் யார், பெரிய மனிதரா, பள்ளி மாணவரா என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

குறையே இல்லையா என்றால், உண்டு. நிரல்கள் முற்றிவிட்டன; சம நிலையில் தொடங்கினால் பெரும்பாலும் சமனிலேயே முடிகிறது. அதனால் ஒரு பக்கம் சற்றே சாய்ந்த நிலைகளைத் தேடிப்பிடித்து ஆடவைக்கிறார்கள். இது செயற்கை என்று தூய்மைவாதிகள் முணுமுணுக்கிறார்கள். இருபுறமும் மாறி மாறி ஆடும்வரை எனக்கு இதில் மனத்தாங்கல் இல்லை.

நம் புள்ளியியல் துறைக்கு ஒரு விண்ணப்பம். செய்முறை வகுப்பில் ஆண்டுதோறும் நாணயம் சுண்டி, பகடை உருட்டிப் பதிவேட்டை நிரப்புகிறோம். சுண்டாமலே நிரப்புவோரும் உண்டென்பது ஊரறிந்த இரகசியம். கணிப்பொறி ஆய்வகமோ சனிக்கிழமை மாலை பூட்டினால் திங்கள் காலை வரை, ஏறத்தாழ 40 மணி நேரம், சும்மா கிடக்கிறது. எல்லாப் பொறிகளும் வேண்டாம். மின்கட்டணத்தை எண்ணி மூன்று மட்டும் போதும். மூன்றும் சேர்ந்து ஒரு வார இறுதியில் 13,500 ஆட்டம் ஆடிவிடும். திங்கட்கிழமை முதல் பாடவேளையில் அந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக்கொடுக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.