ஜியோ ஜெயித்தது, பிஎஸ்என்எல் தோற்றது: கெட்டிக்காரத்தனம் மட்டுமா காரணம்?

பென்ஷனர்கள் நாலு பேர் கூடினால் போதும், கால் மணி நேரத்துக்குள் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. "கவர்ன்மென்ட் ஐம்பது வருஷமா பண்ண முடியாததை அம்பானி ஆறே மாசத்துல பண்ணிக் காட்டிட்டார் சார்." சுற்றியிருப்பவர்களும் தலையாட்டுவார்கள். தொலைபேசித் துறையில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இதற்கு ஒரு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் அந்த "ஆறு மாசம்". ஜியோ சேவை தொடங்கிய நாள் 2016 செப்டம்பர் 5. ஆனால் வேலை தொடங்கியது 2010 ஜூனில். அகண்ட அலைவரிசை ஏலத்தில் இன்ஃபோடெல் என்ற பலரும் கேள்விப்படாத ஒரு சிறு கம்பெனி 12,848 கோடிக்கு நாடு முழுவதற்குமான அலைக்கற்றையை எடுத்தது. ஏலம் முடிந்த சூட்டோடு அதன் 95 சதவீதப் பங்கை ரிலையன்ஸ் 4,800 கோடிக்கு வாங்கியது. அந்த அலைக்கற்றை டேட்டாவுக்கு மட்டும்தான். 2013-இல் விதி மாறியது. 1,658 கோடி கட்டணத்தில் பேச்சுக்கும் அனுமதி கிடைத்தது.

2010 முதல் 2016 வரை ஆறு வருடம். குழி தோண்டி, கண்ணாடி இழை பதித்து, டவர் நட்டார்கள். ஒன்றரை லட்சம் கோடிக்கு மேல் முதலீடு என்று அவர்களே சொன்னார்கள். அந்த ஆறு வருடமும் சந்தாதாரரிடமிருந்து வருமானம் கிடையாது. தொடங்கிய பிறகும் 2017 மார்ச் 31 வரை எல்லாமே இலவசம்.

நான் கேட்பது ஒரே ஒரு கேள்விதான். ஆறேழு வருடம் வருமானமே இல்லாமல் ஒன்றரை லட்சம் கோடியைப் பூமிக்குள் புதைக்க எந்தத் தொலைபேசிக் கம்பெனியால் முடியும்? எந்த பேங்க் அதற்குக் கடன் கொடுக்கும்?

தனியாக நிற்கும் கம்பெனிக்குக் கொடுக்காது. ரிலையன்ஸுக்குக் கொடுத்தார்கள். ஏனென்றால் பின்னால் ஜாம்நகர் நின்றது. கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து, பெட்ரோ ரசாயனம் செய்து, உலகம் முழுக்க விற்று வரும் பணம் நின்றது. ஜியோவின் டவர்கள் எண்ணெய்க் காசில் எழுந்தவை. கூட்டுக் குடும்பத்தில் அண்ணன் மளிகைக் கடை வருமானத்தில் தம்பியை டாக்டருக்குப் படிக்க வைப்பது போலத்தான் இது. இதில் தவறே இல்லை. ஆனால் தம்பி சொந்தக் காலில் நின்று படித்தான் என்று சொல்லாதீர்கள்.

உடனே ஒரு நண்பர் கேட்பார்: "டாடாவுக்கும் பெரிய குழுமம் இருந்ததே? பிர்லாவுக்கும் இருந்ததே?" நியாயமான கேள்வி. டாடா டோகோமோ தன் மொபைல் சேவையை ஏர்டெல்லிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கியது. ஐடியாவுக்குப் பின்னால் சிமென்ட்டும் அலுமினியமும் விற்கும் பிர்லா குழுமம் இருந்தது. 2018-இல் வோடஃபோனோடு சேர்ந்தும் கரையேறவில்லை. 2021-இல் குமார் மங்கலம் பிர்லா தன் பங்கை அரசு சொல்லும் நிறுவனத்துக்கே கொடுத்துவிடத் தயார் என்று கடிதம் எழுதும் நிலை வந்தது. ஆகவே பணக்காரக் குழுமம் இருந்தால் மட்டும் போதாது, அந்தக் குழுமம் பொறுமையாகப் பணம் போட வேண்டும். போட்ட பணத்தைச் சரியான இடத்திலும் போட வேண்டும்.

இந்த விஷயத்தில் ஜியோவைப் பாராட்டத்தான் வேண்டும். பழைய 2ஜி, 3ஜி சாமான்களைச் சுமக்காமல் நேரே 4ஜி மட்டும் என்று இறங்கினார்கள். பேச்சையும் டேட்டாவாகவே அனுப்பினார்கள். ஸ்ட்ரோஜர் எக்ஸ்சேஞ்சையும் எலக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்சையும் ஒரே நேரத்தில் பராமரித்த எங்களைப் போன்றவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

இப்போது நம்ம பிஎஸ்என்எல் கதைக்கு வருகிறேன். அதே 2010. ரிலையன்ஸ் தன் புதிய பிள்ளைக்குப் பணம் ஊட்டத் தொடங்கிய அதே வருடம், அரசு தன் பிள்ளையின் உண்டியலை உடைத்தது. ஏலத்தில் தனியார் கேட்ட விலையை வைத்து, 3ஜிக்கும் அகண்ட அலைவரிசைக்கும் சேர்த்து பிஎஸ்என்எல் கட்டிய தொகை ஏறக்குறைய 18,500 கோடி. பிஎஸ்என்எல் ஏலத்தில் கலந்துகொள்ளவே இல்லை. தனக்கு எது வேண்டும், எந்த ஊருக்கு வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் கிடையாது. கையிருப்பு கரைந்தது. 9 கோடி 30 லட்சம் இணைப்புகளுக்கான டெண்டர் அதே வருடம் ரத்தானது. கிராமத் தொலைபேசிக்கு நஷ்ட ஈடாக வந்துகொண்டிருந்த தொகையும் 2008-லேயே நின்றுபோயிருந்தது.

2019 அக்டோபரில் அடுத்தடுத்து வந்த மூன்று நாட்களைப் பாருங்கள். 23-ஆம் தேதி, பிஎஸ்என்எல்லுக்கு மறுவாழ்வுத் திட்டம் என்று மத்திய அமைச்சரவை அறிவித்தது. அதில் உடனே நடந்தது விருப்ப ஓய்வு. 2020 ஜனவரி 31-ஆம் தேதி ஒரே நாளில் 78,000-க்கும் மேற்பட்டோர் வெளியேறினார்கள். 24-ஆம் தேதி, வருவாய்க் கணக்கு வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. வோடஃபோன் ஐடியா தலையில் 50,000 கோடிக்கு மேல் பாக்கி விழுந்தது. 25-ஆம் தேதி ரிலையன்ஸ் ஒரு அறிவிப்பு செய்தது. ஜியோவின் கடன் சுமையை இறக்கிவைக்க, தாய் நிறுவனம் 1,08,000 கோடியைப் பங்கு மூலதனமாகத் தருகிறது!

ஒன்றுக்கு ஆள்குறைப்பு, ஒன்றுக்கு பாக்கி நோட்டீஸ், ஒன்றுக்குத் தாய் வீட்டுச் சீர். இதைப் பார்த்தும் திறமைப் போட்டி என்றா சொல்வது?

அடுத்த வருடமே ரிலையன்ஸ் போட்டதை எடுக்கத் தொடங்கியது. ஃபேஸ்புக் 43,574 கோடி, கூகுள் 33,737 கோடி என்று ஜியோ தளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக விற்று 1,52,000 கோடிக்கு மேல் திரட்டினார்கள். டவர்களைத் தனி அறக்கட்டளையாகப் பிரித்து, கனடாவின் புரூக்ஃபீல்டு தலைமையிலான முதலீட்டாளர்களிடம் 25,215 கோடி பெற்றார்கள். கட்டிய வீட்டை விற்று, அதே வீட்டில் வாடகைக்கு இருப்பது போன்ற ஏற்பாடு.

அதே 2020-இல் பிஎஸ்என்எல்லின் 4ஜி டெண்டர் மறுபடி ரத்து. உள்நாட்டுக் கருவிகளைத்தான் வாங்க வேண்டும் என்ற நிபந்தனை அதற்கு மட்டும். சி-டாட் உள்ளிட்ட நம் நாட்டு நிறுவனங்கள் உழைத்து உருவாக்கிய 4ஜி, 2025 செப்டம்பரில்தான் நாடு தழுவிய சேவையாகத் தொடங்கி வைக்கப்பட்டது. ஜியோ வந்து ஒன்பது வருடம் கழித்து! உள்நாட்டுத் தொழில்நுட்பம் வேண்டும் என்பதில் எனக்கு முழுச் சம்மதம். 1984-இல் சி-டாட் தொடங்கி, கிராமத்து எக்ஸ்சேஞ்சுகளை நாமே செய்தபோது பெருமைப்பட்டவன் நான். ஆனால் ஓட்டப்பந்தயத்தில் ஒருவன் காலில் மட்டும் கல்லைக் கட்டிவிட்டு, "பார், இவனுக்கு ஓடத் தெரியவில்லை" என்பது என்ன நியாயம்?

"மலிவா டேட்டா கிடைச்சுதே, நமக்கென்ன?" என்பார்கள். கிடைத்தது, மறுக்கவில்லை. பேரப்பிள்ளை முகத்தை வீடியோவில் பார்ப்பது அதனால்தான். ஆனால் அந்த மலிவு விலை எத்தனை பேரை விழுங்கியது? தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த ஏர்செல் 2018-இல் திவாலானபோது, நம்பரை மாற்றிக்கொள்ள ஜனங்கள் கடை கடையாக அலைந்தது மறந்துவிட்டதா? பத்துக்கு மேல் கம்பெனிகள் இருந்த இடத்தில் இப்போது உண்மையாகப் போட்டி போடுவது இரண்டு. 2024 ஜூலையில் கட்டணம் 12 முதல் 25 சதவீதம் வரை ஏறியது. சந்தாதாரர் போக வேறு இடம் எங்கே?

இதில் அதிகம் நோகிறவர்கள் நாம்தான். பென்ஷன், பேங்க், கேஸ், ஆதார் எல்லாவற்றுக்கும் ஓடிபி. அதற்காகவே சிம்முக்கு உயிர் இருக்க வேண்டும். பேசுவதற்கு மட்டும் போன் வைத்திருக்கும் 75 வயதுக்காரர், பார்க்காத டேட்டாவுக்கும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் தனியாகப் பேக் கொடுங்கள் என்று டிராய் 2024 டிசம்பரில் உத்தரவு போட்ட பிறகுதான் கொடுத்தார்கள். அதையும் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. கடைக்காரர் தானாகச் சொல்ல மாட்டார். அடுத்த முறை ரீசார்ஜ் செய்யும்போது கேளுங்கள்.

தனியாரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. தன் பணத்தைத் தன் பிள்ளைக்குப் போட்டார்கள், அது அவர்கள் சாமர்த்தியம். என் கோபம் அரசின் மேல்தான். இந்த நாட்டிலேயே பெரிய குழுமம் எது? எண்ணெய், நிலக்கரி, மின்சாரம், ரயில், பேங்க் எல்லாம் வைத்திருக்கும் இந்திய அரசுதான். அது நினைத்திருந்தால் 2010-லேயே பிஎஸ்என்எல்லுக்குத் தாய் வீடாக நின்றிருக்கலாம். பின்னால் லட்சம் கோடிகளில் உதவி அறிவித்தார்கள். ஆனால் பயிர் வாடிய பிறகு பெய்த மழை அது.

இனியாவது பிஎஸ்என்எல்லை மூன்றாவது போட்டியாளராக உயிரோடு வைத்திருக்க வேண்டும். அது இல்லாமல் போனால், மற்ற இருவர் சொல்வதுதான் விலை.

துறையில் இருந்த நண்பர்கள் யாராவது படித்தால், மாற்றுக் கருத்து இருந்தாலும் சரி, எழுதுங்கள். சண்டை போடலாம், தப்பில்லை.