மாணவன் கேட்ட சிலந்தி



சென்ற வாரம் தொடக்கநிலை ஐந்து மாணவர்களுக்கு 'நான் வளர்க்க விரும்பும் செல்லப்பிராணி' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதக் கொடுத்தேன். முயல், பூனை, கிளி என்று வந்த தாள்களுக்கு நடுவே, மண்ணில் வளை தோண்டி வாழும் டரான்டுலாச் சிலந்தியை வளர்க்க விரும்புவதாக ஒருவன் எழுதியிருந்தான். வகுப்பே சிரித்தது. மாலையில் வந்த அவன் தாயார், "நீங்களே கண்டிச்சு வையுங்க சார்" என்றார். எனக்கோ கண்டிக்க மனம் வரவில்லை.

காரணம், அவன் நிறையப் படித்திருந்தான். பெட்டியில் மண்ணை ஆழமாக நிரப்பி, வளை சரியாதபடி அழுத்திவிட வேண்டும்; அடிமண் ஈரமாக இருக்க வேண்டும்; சிறு கிண்ணத்தில் தண்ணீர் வைக்க வேண்டும்; மண்ணுக்கு மேலே அதிக உயரம் இருந்தால் சிலந்தி ஏறி விழுந்து வயிறு கிழிந்து இறக்கக்கூடும் என்றெல்லாம் எழுதியிருந்தான். அத்தனையும் சரி. ஆனால் கடைசி வரி, "தினமும் அதை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சுவேன்" என்றிருந்தது. நான் சிவப்பு மையால் கோடிட்டது அந்த ஒரு வரியைத்தான்.

வளைச் சிலந்தி கொஞ்சுவதற்கு உரியதன்று. சில சமயம் வாயிலை அடைத்துக்கொண்டு வாரக்கணக்கில் வெளியே வராது. புதிதாக வளர்ப்பவர் இறந்துவிட்டதோ என அஞ்சித் தோண்டிப் பார்ப்பதே பெருந்தவறு. அது உள்ளே தோலுரித்துக்கொண்டிருக்கலாம். அப்போது மல்லாந்து கிடக்கும். உடல் மென்மையாக இருக்கும். உயிருள்ள வெட்டுக்கிளியை உள்ளே விட்டிருந்தால் இரையே சிலந்தியைக் கடித்துவிடும். சும்மா விட்டுவைப்பதுதான் இங்கே பராமரிப்பு. அந்தப் பொறுமை பெரியவர்களுக்கே அரிது.

மேலும், சிங்கப்பூரில் டரான்டுலாவைச் செல்லப்பிராணியாக வளர்க்க அனுமதி இல்லை. இதையும் அவனிடம் மறைக்காமல் சொன்னேன். "ஒன்றே ஒன்று வளர்த்தால் என்ன?" என்று கேட்டான். உலகெங்கும் ஒவ்வொருவரும் ஒன்று கேட்டதால்தான் காடுகளிலிருந்து சிலந்திகள் பிடித்துக் கடத்தப்படுகின்றன. இந்தியாவிலும் இலங்கையிலும் மரங்களில் வாழும் பொசிலோதீரியா வகைச் சிலந்திகள் அனைத்தும் 2019இல் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டன.

அப்படியானால் சிறுவனின் ஆர்வத்தை என்ன செய்வது? "வேண்டாம்" என்று சொல்லிக் கதவை மூடுவது எளிது. நம் வீட்டுப் பெரியவர்கள் கம்பத்தில் வளர்ந்த காலத்தில், இலைகளுக்கிடையே ஒளிந்திருக்கும் சண்டைச் சிலந்திகளைப் பிடித்துத் தீப்பெட்டியில் வைத்திருந்தார்கள். இன்றைய பிள்ளைக்கு அந்தப் புதரும் இல்லை, ஓய்வும் இல்லை. கணினித் திரையில் கண்டதன்மேல் ஆசைப்படுகிறான். அது அவன் குற்றமா?

அவனுக்கு நான் ஓர் உண்மைக் கதையைச் சொன்னேன். மேற்கு ஆஸ்திரேலியாவில் பார்பரா யார்க் மெயின் என்னும் ஆய்வாளர், 1974இல் வளைச் சிலந்திகளைக் கண்காணிக்கத் தொடங்கினார். டரான்டுலாவுக்கு உறவான வகை அது. ஒவ்வொரு வளைக்கும் ஓர் எண் இட்டார். பதினாறாம் எண் சிலந்தி தன் வளையிலேயே 43 ஆண்டுகள் வாழ்ந்து, 2016இல் இறந்தது கண்டறியப்பட்டது. அந்தச் சிலந்தியை யாரும் பெட்டியில் அடைக்கவில்லை. அதன் வீட்டுக்கே சென்று பார்த்து வந்தார்கள். உலகமே அறிந்த சிலந்தியாயிற்று அது.

பெற்றோரே, உங்கள் பிள்ளை இப்படி ஒன்றைக் கேட்டால் சிரிக்காதீர்கள். ஈசூன் பூங்காவுக்கோ, கீழ்த்தளத்துச் செடிகளுக்கோ அழைத்துச் செல்லுங்கள். ஒரு சிலந்தியைத் தேர்ந்தெடுத்து, தொடாமல் ஒரு மாதம் பார்க்கச் சொல்லுங்கள். கண்டதைத் தமிழில் நாள்தோறும் இரண்டு வரி எழுதட்டும். ஆசிரியர்களே, வளை, வலை, இரை, தோலுரித்தல் என்னும் சொற்களை மனப்பாடம் செய்விப்பதைவிட இது பன்மடங்கு பயன் தரும்.

எவரேனும் அறியாமல் வாங்கி வைத்திருந்தால், புதரில் விட்டுவிட வேண்டாம். தேசியப் பூங்காக் கழகத்தை நாடுங்கள்.

என் மாணவன் தன் கட்டுரையின் கடைசி வரியைத் திருத்தி எழுதி வந்தான்: "நான் அதைத் தொந்தரவு செய்யாமல் பார்த்துக்கொண்டிருப்பேன்." முழு மதிப்பெண் கொடுத்தேன்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியர், ஈசூன்