வழக்கத்துக்கு வழக்கம்

பவானியில் கோயில் திருவிழா நெருங்கினால் வீட்டுக்கு வீடு வரி கேட்டு நோட்டோடு வருவார்கள். தறி ஓட்டும் கிறிஸ்தவக் குடும்பத்தின் வாசலுக்கும் அந்த நோட்டு வரும். கொண்டு வருகிறவர் அந்நியர் இல்லை. போன மாதம் கைமாற்றாகப் பணம் கொடுத்தவர், மகளின் திரட்டிச் சீருக்கு வந்து மொய் எழுதியவர். பண்பாட்டு நெருக்கடி என்று மேடையில் பெரிதாகச் சொல்கிறார்களே, அது பெரும்பாலும் இப்படிச் சிரித்த முகத்தோடுதான் வந்து திண்ணையில் உட்காரும்.

இதற்கு ஈடுகொடுக்க விசுவாசத்தில் உறுதி வேண்டும் என்பார்கள் போதகர்கள். சரிதான். ஆனால் தனி ஆளின் உறுதி நாலு திருவிழாவைத் தாங்குமா என்பது சந்தேகம். 'ஊரோடு ஒத்து வாழ்' என்று பெரியவர்கள் சொன்னதில் மிரட்டலைவிடக் கணக்குதான் அதிகம். சாவு விழுந்தால் தூக்க ஆள் வேண்டும், பெண்ணுக்கு வரன் சொல்ல உறவு வேண்டும், தறி நின்றால் கைமாற்று வேண்டும். இவ்வளவும் ஊரின் கையில் மட்டும் இருக்கிறவரை ஊர் சொன்னதுதான் நடக்கும். சபையும் இவற்றைக் கொடுக்கத் தொடங்கும்போதுதான் ஒருவருக்கு, 'அதுக்கு மட்டும் வேண்டாமுங்க' என்று மரியாதையாகச் சொல்ல வாய் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போய்வருவது வேறு, சபையில் ஓர் ஆளாக இருப்பது வேறு என்பது இதனால்தான்.

கல்யாணத்தையே பாருங்கள். சி.எஸ்.ஐ. ஆலயங்களில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், ஆட்சேபம் உண்டா என்று சபையையே கேட்பார்கள். 'ஜாதகம் பார்க்கலையா?' என்று கேட்கும் அத்தையிடம் மனசாட்சி, வேதவசனம் என்று பேசினால் எடுபடாது. 'எங்க சபையில இதுதானுங்க வழக்கம்' என்றால் அத்தை அதற்குமேல் கேட்க மாட்டார். தனி மனிதரின் கொள்கையை ஊர் மதிப்பது அபூர்வம், வழக்கத்தை மதிக்கும். சபை கொடுக்கும் பெரிய உதவி இதுதான் என்பேன்.

இன்னும் கடுமையான சோதனை தெற்கே நடந்தது. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியக்கூடாது என்பது ஊர் வழக்கமாகவும் அரசு விதியாகவும் இருந்தது. லண்டன் மிஷன் சபைப் பெண்கள் மார்பை மறைத்து ஆலயத்துக்கு வந்தார்கள். எதிர்த்தவர்கள் சந்தையில் அவர்கள் சீலையைக் கிழித்தார்கள், ஆலயங்களுக்குத் தீ வைத்தார்கள். ஒருத்தி மட்டும் போட்டிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். பெண்கள் சபை சபையாகப் போட்டார்கள். பின்னால் பள்ளி இருந்தது, பெண்கள் கைக்காசு பார்த்த லேஸ் பின்னல் இருந்தது, மனு எழுதிச் சென்னை கவர்னர்வரை கொண்டுபோக மிஷனரிகள் இருந்தார்கள். 1859 ஜூலையில் மகாராஜாவின் பிரகடனம் வந்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்கள் மாதிரி உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு.

எதிர்ப்பது என்றால் பண்பாட்டையே உதறுவது என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்து ஈரோட்டில் அதே லண்டன் மிஷனில் ஊழியம் செய்த எச்.ஏ. பாப்லி கர்நாடக சங்கீதம் கற்று, 1921இல் இந்திய இசையைப் பற்றி ஆங்கிலத்தில் புத்தகமே எழுதினார். 1931இல் குறளிலிருந்து தேர்ந்தெடுத்து மொழிபெயர்த்து வெளியிட்டார். நற்செய்தியைக் கதாகாலட்சேபமாகப் பாடினார். ராகம் இருக்கட்டும், எதற்குத் தலைவணங்குவது என்பதில்தான் பேச்சு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்.

சட்டம் கொடுக்கும் நெருக்கடியில் சபையால் அதிகம் செய்ய முடிவதில்லை. 1950ஆம் ஆண்டு ஆணைப்படி பட்டியல் சாதியினர் கிறிஸ்தவரானால் அந்தத் தகுதி போய்விடும். 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விலக்கு கிடைத்தது, கிறிஸ்தவருக்கு இல்லை. சர்டிபிகேட்டில் ஒரு மதம், ஞாயிற்றுக்கிழமை ஒரு மதம் என்று வாழ்கிறவர்களைக் கோழை என்று பிரசங்க பீடத்திலிருந்து திட்டுவது சுலபம்.

ஊர் சபைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடுவதும் உண்டு. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கத்தோலிக்க ஆலயம் கால்சட்டை மாதிரி இரண்டு காலாகப் பிரிந்தது. ஒன்றில் வெள்ளாளர், மற்றதில் நாடார், நடுவே சுவர். பீடத்துக்கு நேரே மட்டும் இரண்டும் சேர்ந்தன. சுவரை இடிக்க 1910 ஆயிற்று. இன்றைக்குச் செங்கல் சுவர் கிடையாது. வரன் தேடும்போதும் வரதட்சணை பேசும்போதும் சபையும் ஊர் வழக்கத்தையே பேசினால், விசுவாசி பிறகு எதைக் காட்டி எதிர்த்து நிற்பது?

ஒரு சபைக்குள் ஊர் எவ்வளவு உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். பவானியில் ஒரு வீட்டு ஜெபத்துக்குப் போனால் போதும். கோடு போட்ட ஜமக்காளத்தை விரித்திருப்பார்கள், நெய்தவரே பக்கத்தில் இருக்கலாம். பாட்டு, ஜெபம் முடிந்து டீ வரும். அது யார் வீட்டு டீ, அதை யாரெல்லாம் குடித்தார்கள், யார் 'இப்பத்தானுங்க குடிச்சேன்' என்று எழுந்தார்கள் என்று பாருங்கள்.