மச்சமே இல்லாமல் மெலனோமா வருமா? தண்டுவடத்தைத் தாக்கும் அரிய புற்றுநோய்!

மெலனோமா என்றாலே தோல் புற்றுநோய்தான் நினைவுக்கு வரும். ஆனால் தோலுக்கு நிறம் தரும் செல்கள் தண்டுவட உறையிலும் உண்டு. மிக அரிதாக அங்கேயே மெலனோமா உருவாகலாம்.

அறிகுறி என்ன? முதுகுவலியோடு கால் மரத்துப்போவது, நடை தடுமாறுவது, சிறுநீரை அடக்க முடியாமல் போவது. இதெல்லாம் இருந்தா 'டிஸ்க் பிரச்சினைதான்'னு விட்டுடாதீங்க. எம்ஆர்ஐ ஸ்கேன் சந்தேகத்தைக் காட்டும். பயாப்சிதான் உறுதி செய்யும். தோல், கண்ணிலிருந்து பரவியதா என்றும் பார்ப்பார்கள்.

சிகிச்சை? முதலில் அறுவை சிகிச்சை, தேவைப்பட்டால் கதிர்வீச்சு. 1954 முதல் இயங்கும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடங்களில் ஆலோசனை பெறலாம். நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாப் மருந்துக்கு 2023 ஏப்ரல் முதல் சுங்க வரி இல்லை. ஆனாலும் செலவு லட்சங்களில்தான். அதனால், கால் செயலிழக்கும் முன்பே ஸ்கேன் எடுப்பது முக்கியம்.