ஆடுகிறவளும் ஆட்டி வைப்பவரும்

'பாலே' என்ற சொல்லைக் கேட்டதும் உங்கள் கண் முன் என்ன வருகிறது? வெள்ளை வெளேரென்று விரிந்த குட்டைப் பாவாடை. கால் விரல் நுனியில் நிற்கும் ஒரு மெல்லிய பெண். அவளை இடுப்பில் பிடித்து, பூக்கூடையைத் தூக்குவது போல் அநாயாசமாகத் தூக்கும் ஒரு வாலிபன். சரிதானே? பார்க்கிற யாருக்கும், "அடடா, இது பெண்களின் ராஜ்யம்! ஆண்பிள்ளை இங்கே வெறும் சுமைதாங்கி" என்றுதான் தோன்றும்.

ராஜ்யம் பெண்ணுடையதுதான். ராஜ்யபாரம் யாருடையது? அதைத்தான் இந்த வாரம் கொஞ்சம் விசாரிக்கப் போகிறோம்.

முதலில் ஒரு வேடிக்கை. பாரிஸ் ஆபரா மேடையில் தொழில்முறை நடனப் பெண்கள் காலெடுத்து வைத்ததே 1681-ம் ஆண்டில்தான். அதுவரை அங்கே பெண் வேஷத்தையும் ஆண்களே முகமூடி அணிந்து ஆடினார்கள். நம் ஊர் ஸ்திரீபார்ட் சங்கதிதான்!

பிறகு சக்கரம் தலைகீழாகச் சுழன்றது. 1832-ல் 'லா சில்ஃபீட்' என்ற நாட்டியத்தில் மேரி டாக்லியோனி விரல் நுனியில் நின்று மிதந்தாள். பாரிஸ் சொக்கிப் போயிற்று. 1870-ல் 'கொப்பேலியா' அரங்கேறிய போதோ, கதாநாயகன் வேஷத்தையே யூஜெனி ஃபியோக்கர் என்ற பெண்தான் போட்டாள்.

ஆகா, பெண்ணுக்கு எவ்வளவு மதிப்பு என்று எண்ணி விடாதீர்கள். அந்த அரங்கத்துக்குச் சந்தா கட்டிய கனவான்களுக்கு, மேடைக்குப் பின்னால் போய் நடனப் பெண்களோடு பழகும் சலுகையும் இருந்தது. அந்தப் பெண்களில் பலர் ஏழை வீட்டுக் குழந்தைகள். டெகா என்ற ஓவியர் தீட்டிய பாலே படங்களை உற்றுப் பாருங்கள். திரைக்கு ஓரத்தில் கறுப்புக் கோட்டுப் போட்ட ஓர் ஆசாமி நின்று கொண்டிருப்பார். ஏன் நிற்கிறார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். டாக்லியோனி ஆடிய அந்த நாட்டியத்தை அமைத்தவர் அவளுடைய தகப்பனார். உலகப் புகழ் பெற்ற 'ஸ்வான் லேக்' என்ற அன்னப் பொய்கைக்கு, 1895-ல் இன்று நாம் அறியும் உருவத்தைக் கொடுத்தவர்கள் பெடிபாவும் இவானோவும். ஆடுகிறவள் பெண், ஆட்டி வைப்பவர் ஆண். பெண் எப்படி அழ வேண்டும், எப்படிக் காதலிக்க வேண்டும், எப்போது உயிரை விட வேண்டும் என்றெல்லாம் ஓர் ஆண் தீர்மானிப்பார். அவள் அழகாகச் செய்து காட்டுவாள்.

இந்த வழக்கத்தை அசைத்துப் பார்த்த ஒரு பெண்மணியின் கதையைக் கேளுங்கள். பெயர் பிரோனிஸ்லாவா நிஜின்ஸ்கா. ஜகப் பிரசித்தி பெற்ற நர்த்தகர் நிஜின்ஸ்கியின் தங்கை.

1913-ல் அண்ணன் ஒரு புது நாட்டியம் அமைத்துக் கொண்டிருந்தார். ஸ்ட்ராவின்ஸ்கியின் சங்கீதம். 'வசந்தச் சடங்கு' என்று பெயர் சொல்லலாம். வசந்தம் வருவதற்காக ஓர் இளம்பெண்ணைத் தேர்ந்தெடுத்து, அவள் செத்து விழும் வரை ஆட வைக்கும் கதை. அந்தப் பலிப் பெண்ணின் ஆட்டத்தை அவர் தங்கையை வைத்துத்தான் உருவாக்கினார். இடையில் தங்கை கர்ப்பமானார். வீட்டில் சர்க்கரைப் பொங்கல் வைக்க வேண்டிய செய்தி! அண்ணனுக்கோ அடங்காத கோபம். வேஷம் வேறொருத்திக்குப் போயிற்று.

அத்தோடு நிஜின்ஸ்காவின் கதை முடிந்து விடவில்லை. ருஷ்யப் புரட்சிக் காலத்தில் கீவ் நகரில் சொந்தமாக நடனப் பள்ளி நடத்தினார். 1921-ல் தாயாரையும் இரண்டு குழந்தைகளையும் அழைத்துக் கொண்டு எல்லை தாண்டினார். 1923-ல் அதே ஸ்ட்ராவின்ஸ்கியின் சங்கீதத்துக்கு ஒரு நாட்டியம் அமைத்தார். 'லே நோஸ்' என்று பெயர், அதாவது, கல்யாணம்.

ருஷ்ய நாட்டுக் கிராமக் கல்யாணம். ஆகவே, ஓவியர் கோஞ்சரோவா பளபளக்கும் வர்ண உடைகளைத் தயாரித்துக் காட்டினார். நிஜின்ஸ்கா வேண்டாமென்று விட்டார். அவர் கண்ணுக்கு அது குதூகலமான கல்யாணமாகப் படவில்லை. பெரியவர்கள் பேசி முடித்து விட்டார்கள். பெண் யாரோ ஒருவன் வீட்டுக்குப் போகிறாள். அவள் மனத்தில் என்ன இருக்கிறது என்று யார் கேட்டார்கள்? முடிவில், ஆண் பெண் அத்தனை பேருக்கும் பழுப்பும் வெள்ளையுமான எளிய உடைதான்.

முதல் காட்சியில் மணப்பெண்ணின் நீள நீளமான பின்னல்களைத் தோழிகள் கயிறு போல் பிடித்துக் கொண்டு நிற்கிறார்கள். பின்னல்தானா, தாம்புக் கயிறா என்று நமக்கே சந்தேகம் வரும். பெண்ணைத் தரையிலிருந்து பிரித்துத் தேவதையாக்கிய அதே விரல் நுனிக் காலணி இங்கேயும் உண்டு. ஆனால் இவர்கள் மிதக்கவில்லை. ஊசியால் குத்துவது போல் தரையைக் குத்துகிறார்கள். மணமக்கள் கைகோத்து ஆடும் காதல் நடனம் மருந்துக்கும் கிடையாது. கடைசியில் இருவரையும் அறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்துகிறார்கள். அவ்வளவுதான்.

ஒரு காலத்தில் நிஜின்ஸ்காவிடம் ஆடிய பிரெடரிக் ஆஷ்டன், 1966-ல் அவரை லண்டனுக்கு அழைத்து, ராயல் பாலே குழுவில் இந்த நாட்டியத்தை மறுபடி மேடையேற்றச் செய்தார். அப்போது அம்மையாருக்கு வயது 75.

அதற்குள் மற்றப் பெண்களும் நடனத்தை ஆட்டி வைக்கத் தொடங்கியிருந்தார்கள். அமெரிக்காவில் மார்த்தா கிரஹாம், 1947-ல் ஈடிபஸ் ராஜாவின் கதையை, அவனுக்குத் தாயும் தாரமுமான யொகாஸ்டாவின் கண் வழியே சொன்னார். ஜெர்மனியில் பீனா பௌஷ், 1975-ல் அந்தப் பழைய 'வசந்தச் சடங்'கையே கையில் எடுத்துக் கொண்டார். மேடை முழுவதும் மண். ஒரு சிவப்பு உடை பெண்களிடையே கை மாறுகிறது. யாரிடம் அது தங்குகிறதோ அவள்தான் பலி. பெண்கள் நடுங்குகிற நடுக்கத்தைப் பார்த்தால், பலி கொடுப்பதில் என்ன பெருமை என்று கேட்கத் தோன்றும்.

ஆண்களுக்கும் இதனால் லாபம்தான். 1995-ல் மாத்யூ போர்ன் அன்னங்களாக ஆண்களையே ஆட விட்டார். தூணாக மட்டும் நின்றவன் சிறகடித்துத் துடித்தான். ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள்.

எல்லாம் சரியாகி விட்டதா? லண்டன் ராயல் பாலேயை 1931-ல் தொடங்கி வளர்த்தவரே நினெட் டி வால்வா என்ற பெண்மணிதான். அந்தக் குழுவின் பெரிய மேடைக்கு 2017-ல் கிரிஸ்டல் பைட் ஒரு நாட்டியம் அமைத்தார். அதற்கு முன் அங்கே ஒரு பெண் நாட்டியம் அமைத்து எத்தனை வருஷம் ஆகியிருந்தது தெரியுமா? பதினெட்டு! நட்சத்திர நர்த்தகி தமாரா ரோஹோ, இருபது வருஷம் ஆடியும் ஒரு பெண் அமைத்த பாலேயில் ஆடியதே இல்லை என்றார். சொன்னதோடு நிற்கவில்லை, இங்கிலீஷ் நேஷனல் பாலேயின் தலைவியாக, 2016-ல் மூன்று பெண்களின் நாட்டியங்களை ஒரே மாலையில் மேடையேற்றினார். தலைப்பு என்ன தெரியுமா? 'அவள் சொன்னாள்'. 1933-ல் தோன்றிய ஸான்பிரான்ஸிஸ்கோ பாலேக்கும் 2022-ல் அவரே முதல் பெண் தலைவியானார்.

ஆகையால், அடுத்த முறை நாட்டியம் பார்க்கப் போனால், மேடையில் யார் நிற்கிறார் என்று பார்ப்பதோடு விட்டுவிடாதீர்கள். நிகழ்ச்சி நிரலில் பொடி எழுத்தில், 'நடன அமைப்பு' என்று போட்டிருக்கும் இடத்தில் யார் பெயர் என்றும் பாருங்கள்.

வீட்டிலும் ஒரு தரம் பார்க்கலாம். "எங்கள் வீட்டு மகாலக்ஷ்மி" என்று பெண்ணைத் தலைக்கு மேல் தூக்கி வைக்க நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. "நீ என்னம்மா சொல்கிறாய்?" என்று கேட்கிறோமா?